உள்பக்கம் பிடி இல்லாத கதவு

— தள்ளாதீங்க. இது இழுக்கற கதவு.

— எதப் பிடிச்சு இழுக்கறது?

— அத என்னக் கேக்காதீங்க. பிடியக் கழட்டினது யாரு?

— அது ஆடிச்சும்மா. நாம பதிவு பண்ண ஒன்பதாம் நம்பர் கேசட்டுல, மூணாவது நிமிஷம், மழைக்கு நடுவுல 'டொக்'னு ஒரு சத்தம். ஞாபகம் இருக்குல்ல?

— இருக்கு. அந்த ஒரு 'டொக்'குக்காக நீங்க ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்ததும் ஞாபகம் இருக்கு. இப்ப வெளிய போறது எப்படி? அதச் சொல்லுங்க.

— பொறு பொறு. பதறாத. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்ல? நீ ஏன் உள்ள வந்த?

— உங்ககிட்ட பேசணும்னு வந்தேன். வெளிய நின்னு பேசினா உங்க காதுல விழுமா? மெத்தை, அட்டை, மறுபடி மெத்தைன்னு சுவர் பூரா ஒட்டி வச்சிருக்கீங்க.

— வந்ததுதான் வந்த, கதவுக்கு ஒரு முட்டு வச்சிருக்கலாம்.

— வச்சேன். ஸ்டூல வச்சேன். 'நின்னுக்கிட்டு ஏன் பேசற, உக்காரு'ன்னு அந்த ஸ்டூல உள்ள இழுத்துப் போட்டது நீங்க.

— அட, ஆமா.

— சிரிக்கறீங்களா?

— அழச் சொல்றியா? உக்காரு. மாஸ்டர் டேப் ஓடிட்டிருக்கு, ஆறு டெக்குலயும் காப்பி ஏறிட்டிருக்கு. எப்படியும் இந்த சைடு முடிய இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். என்னமோ பேசணும்னியே, பேசு.

— வேர்க்குது.

— ஃபேனப் போட்டுக்கோ.

— எந்த ஃபேன? றெக்கை சத்தம் கேக்குதுன்னு போன வருஷமே கழட்டிட்டீங்களே. ஜன்னலையும் அடைச்சாச்சு. 'மன அமைதிக்கு'ன்னு கேசட் அட்டையில அச்சடிக்கறீங்க. இங்க மனுஷிக்கு மூச்சு முட்டுது.

— சத்தமாவே பேசும்மா, பரவால்ல. இது ஒயர் வழியா காப்பி ஆகறது. மைக்கே கிடையாது. நீ தொண்டை கிழியக் கத்தினாலும் கேசட்டுல விழாது.

— அப்புறம் நீங்க ஏன் குசுகுசுன்னு பேசறீங்க?

— பழக்கம். நீயும் அப்படித்தான பேசற?

— அதப் பத்திதான் சொல்ல வந்தேன். நாலரை பஸ்ஸுக்கு நானும் பாப்பாவும் எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம்.

— போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுவீங்கல்ல? பதினாலாம் நம்பர ஆரம்பிக்கணும்.

— வரமாட்டோம்.

— என்னது?

— வரமாட்டோம்னேன். அங்கயே அவள ஸ்கூல்ல சேத்தாச்சு. திங்கக்கிழமை அனுப்பச் சொல்லியிருக்காங்க.

— என்னக் கேக்காமயா?

— எப்பக் கேக்கறது? நீங்க மைக்கப் போட்டுட்டு உக்காந்திருக்கும்போதா, காதுல ஹெட்போன மாட்டிட்டு உக்காந்திருக்கும்போதா?

— நான் என்னம்மா தப்பு பண்ணேன்? குடிக்கறேனா? கை நீட்டினேனா? ஒரு நாளாவது உங்கிட்ட சத்தமா ஒரு வார்த்தை...

— அதான்! சத்தமா ஒரு வார்த்தை. இந்த வீட்டுல அப்படி ஒண்ணு கேட்டு எட்டு வருஷமாச்சு. நீங்க திட்டக்கூட மாட்டேங்கறீங்க. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டி, மனச ஆத்தித் தொலைச்சிருப்பேன்.

— எத்தனை பேர் நம்ம கேசட்டப் போட்டுட்டுத் தூங்கறாங்க தெரியுமா? நேத்துகூட ஒரு லெட்டர். லாரி ஓட்டறவராம். பதினஞ்சு நாளா பொட்டுத் தூக்கம் இல்லையாம். நம்ம பதினொண்ணாம் நம்பரப் போட்டாராம், பி சைடு முடியறதுக்குள்ள குறட்டையாம்.

— மகராசனாத் தூங்கட்டும். லாரி ஓட்டும்போது போடாம இருந்தாச் சரி.

— பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது.

— வரல. வளையலக் கழட்டுன்னீங்க, கழட்டினேன். காலிங்பெல் ஒயர வெட்டினீங்க, சரின்னேன். டெலிபோனையே வேணாம்னு எடுத்துட்டீங்க. ஃப்ரிட்ஜ் உறுமுதுன்னு பிளக்கப் பிடுங்கிட்டு, திருப்பி மாட்ட மறந்து, எத்தனை தடவை பால் கெட்டுப்போச்சு! பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். போன வாரம் பாப்பாவோட டீச்சர் என்ன கேட்டாங்க தெரியுமா?

— என்ன?

— 'தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பொண்ணுக்குப் பேச்சு வரும்தானே?'ன்னு.

— வராம என்ன? நல்லாப் பேசறாளே.

— நம்ம காதுக்குப் பேசறா. வகுப்புல பேர் கூப்பிட்டா எழுந்து நிப்பாளாம். வாய் அசையுமாம். சத்தம் மட்டும் வராதாம். அன்னிக்கு விளையாடறப்ப எவளோ ஒருத்தி இவ விரல கேட் இடுக்குல வச்சு நசுக்கிட்டா. ரத்தம் கொட்டுது, இவ 'அம்மா'ன்னுகூடச் சொல்லலங்க. நின்ன இடத்துலயே நின்னு கண்ணுல தண்ணி விட்டுட்டிருந்திருக்கா. மத்த புள்ளைங்க பாத்து டீச்சரக் கூட்டிட்டு வந்திருக்காங்க.

— அந்தக் கட்டு அதுக்கா? எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே.

— சொல்லியிருப்பா. உங்க பக்கத்துல வந்து நின்னு மெல்லச் சொல்லியிருப்பா. நீங்க ஹெட்போனக் கழட்டியிருக்க மாட்டீங்க.

— சரி. நான் கெட்ட அப்பன்தான். ஒத்துக்கறேன். ஆனா பதிமூணு கேசட்டுக்கும் கீபோர்டு வாசிச்சது உன் கைதானம்மா? நான் மட்டுமா இத நடத்தினேன்?

— இல்ல, நானும்தான். நாலு கட்டைக்கு மேல தொடாதன்னீங்க, தொடல. ஒரு நாள் ஆசையா கொஞ்சம் வேகமா வாசிச்சேன். 'கேக்கறவனுக்கு முழிப்பு வந்துடும்'னீங்க. கைய எடுத்துட்டேன். போகட்டும், என் கதை முடிஞ்ச கதை. என் பொண்ணு என்ன மாதிரி ஆகக்கூடாது. அவ கத்தணும். தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கூப்பாடு போடணும். அவளால அடுத்த வீட்டுக்காரி நம்மகிட்ட சண்டைக்கு வரணும்.

— மணி என்ன?

— மூணே முக்கால். இந்த பஸ்ஸ விட்டா எனக்கு தைரியம் போயிடும். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

— பொறு, முதல்ல வெளிய போவோம். பிடி இருந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கு பாரு. துணி அடைச்சு வச்சிருக்கேன். அத உருவு.

— வந்துடுச்சு. பாப்பா! கண்ணு, எங்கடி இருக்க? இந்த ரூம் கதவுகிட்ட வா.

— இங்கதாம்மா இருக்கேன்.

— எப்பலேந்து?

— அப்பலேந்து.

— அப்பா கதவ இடிச்சது கேட்டுச்சா?

— கேட்டுச்சு. சத்தம் போடக்கூடாதுன்னு பேசாம உக்காந்திருந்தேன்.

— கேட்டீங்களா? உங்க பொண்ணு சொன்னதக் கேட்டீங்களா?

— கேட்டுச்சும்மா. பாப்பா, செல்லம், உன் பக்கம் பிடி இருக்குல்ல? அதக் கீழ அமுக்கித் தள்ளு.

— வரலப்பா.

— ரெண்டு கையாலயும்.

— விரல் வலிக்குதுப்பா.

— விட்டுடு, விட்டுடு. எனக்கே அது முரண்டு பிடிக்கும். ஏம்மா, அவ வாசக்கதவத் திறந்து யாரையாவது கூட்டிட்டு வரட்டுமே?

— மேல் தாழ்ப்பாள் எட்டாது. ஏறி நிக்க ஸ்டூல், நாற்காலி எல்லாம் இங்கதான இருக்கு, உங்க டெக்கத் தாங்கிட்டு. கண்ணு, ஹால் ஜன்னல் வழியா பாரு. எதிர்க்கடையில தையல்கார மாமா இருக்காரா?

— இருக்காரு. தைக்கறாரு.

— அவரக் கூப்பிடு.

— கூப்பிட்டேம்மா.

— எப்ப?

— இப்பதான். அவரு திரும்பல.

— எங்களுக்கே கேக்கலயேடி. அவரு மெஷின் ஓட்டிட்டிருக்காரு. இன்னும் சத்தமா.

— எவ்ளோ சத்தமா?

— உன்னால எவ்ளோ முடியுமோ அவ்ளோ.

— அப்பா...

— அப்பா திட்டமாட்டேன்டா செல்லம். நான் என்னிக்குத் திட்டியிருக்கேன்?

— திட்டமாட்டீங்க. பாப்பீங்க.

— பாக்கவும் மாட்டேன். சத்தியமா. எங்க, கத்து பாப்போம்.

— எப்படிம்மா கத்தறது?

— எப்படின்னா... ஐயோ, இத நான் எப்படிச் சொல்லிக் குடுப்பேன்? மூச்ச நல்லா இழுத்துக்கோ. வயித்துலேந்து விடு. அன்னிக்கு விரல் நசுங்கினப்ப உள்ளுக்குள்ள ஒண்ணு வந்துச்சுல்ல, வெளிய விடாம வச்சுக்கிட்டியே? அத விடு.

— மாமா.

— இன்னும்.

— மாமா!

— இன்னும், கண்ணு. அழாத. அழுதா குரல் வராது.

— அம்மா, நீ வெளிய வரவே மாட்டியா?

— நீ கத்தினாதான் வருவேன். நாம ரெண்டு பேரும் பஸ்ல போகணும்ல? ஜன்னலுக்கு ஓடு. அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை.

— மாமா! மாமாஆ! எங்கம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க! யாராவது வாங்களேன்! அம்மாஆ! அம்மாஆஆ!

— ஏம்மா, கேட்டியா? நம்ம பாப்பா! நம்ம பாப்பாவோட குரல் அது!

— ஷ்ஷ்! கத்தாதடி கண்ணு, அப்பாவோட டேப் ஓடுது!