ஆர் இல்லாமல் பெட்டி இல்லை

மகாலட்சுமி: அது ஆகாதுங்க. அதுல ஆர் இல்ல.

தவசி: ஏத்தா, 'டீம்' நல்ல வார்த்தைதான? டி தவசிக்கு, எம் மகாலட்சுமிக்கு. ரெண்டும் இருக்கு. இன்னும் என்ன?

மகாலட்சுமி: ஆர் வேணும். டி, எம், ஆர், மூணும் ஒரே இங்கிலீஷ் வார்த்தையில வரணும்.

தவசி: பெட்டியில பேரு அச்சடிக்கிறவரு போனுக்கு மேல போன் போடுறாரு. மத்தியானத்துக்குள்ள பேரு சொல்லலைன்னா, நாளைக்கழிச்சு வெட்டுற திராட்சைய எதுல அடுக்குறது?

மகாலட்சுமி: அடுத்தவுக பேரு போட்ட பழைய பெட்டியிலயே அடுக்குங்க. ஆர் இல்லாத பெட்டியில நான் ஒரு கொத்து வைக்கமாட்டேன்.

தவசி: புதுக்கொடியில மொதல் வெட்டு... அதுக்கு இப்படி ஒரு மல்லுக்கட்டு. சரி, தேடு.

மகாலட்சுமி: 'மார்க்கெட்'!

தவசி: மார்க்கெட்டுக்குப் போற பெட்டியில மார்க்கெட்டுன்டே எழுதுறதா? கம்பம் ஊரே சிரிக்கும்.

மகாலட்சுமி: 'ஸ்டார்ம்'?

தவசி: அப்படின்னா?

மகாலட்சுமி: புயல்.

தவசி: வெளங்கும்! போன ஐப்பசிக் காத்துல பந்தல் கல்லு சாஞ்சது பத்தாதா?

மகாலட்சுமி: நொட்டை மட்டும் சொல்லுங்க. நீங்க ஒண்ணு சொல்றது...

தவசி: 'பெர்மிட்'. குமுளி செக்போஸ்ட்ல பெர்மிட் இருக்கான்டு கேட்டா, பெட்டியத் தூக்கிக் காமிச்சிரலாம்.

மகாலட்சுமி: வெளையாடாதீக.

தவசி: இந்தா, போன்ல ஒண்ணு சிக்கிருச்சு. மூணு எழுத்தும் இருக்கு. 'டெர்மைட்'. கேக்கவே கம்பீரமா இல்ல?

மகாலட்சுமி: அர்த்தம் பாத்தீகளா?

தவசி: இரு... கரையான்.

மகாலட்சுமி: கரையான் திராட்சை! கேரளாக்காரக வரிசையில நின்டு வாங்குவாக.

தவசி: சிரிக்காத. இந்தா பாரு, பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரபாண்டி அவன் பெட்டிக்கு 'பெஸ்ட்'ன்டு வச்சான். ஈ அவனுக்கு, பி பொண்டாட்டி பாக்கியத்துக்கு, எஸ் தம்பி சேகருக்கு. தோட்டத்துல யாருக்குப் பங்கு உண்டோ அவுக எழுத்தத்தேன் இங்கன பெட்டியில சேப்பாக. நம்ம தோட்டத்துல நீயும் நானும்தேன். ஆர் எதுக்கு?

மகாலட்சுமி: ராசிக்கு. தேவதானப்பட்டி சோசியரு சொன்னாரு.

தவசி: தேவதானப்பட்டிக்கு எப்பப் போன?

மகாலட்சுமி: போன்லதேன்... கேட்டேன்.

தவசி: அவரு பேரு என்ன?

மகாலட்சுமி: பேரா... அது எதுக்கு இப்ப? நேரமாகுது, தேடுங்க.

தவசி: ஆர விட்டுரு மகா. 'மிஸ்ட்'. பனி. குளுகுளுன்டு இருக்குல்ல?

மகாலட்சுமி: விடமாட்டேன்.

தவசி: 'மின்ட்'...

மகாலட்சுமி: எத்தன வார்த்தை சொன்னாலும் விடமாட்டேன். வேணும்ன்டே அந்த எழுத்த ஒதுக்கி ஒதுக்கிச் சொல்றீக.

தவசி: நான் எதுக்கு ஒதுக்கப் போறேன்...

மகாலட்சுமி: இருங்க, இருங்க. எஸ், டி, ஆர், ஈ, ஏ, எம். 'ஸ்ட்ரீம்'! ஓடைன்டு அர்த்தம். மலையிலருந்து லோயர் கேம்ப்ல எறங்கி வர்ற தண்ணியிலதான நம்ம கொடி வெளையுது?

தவசி: ஸ்ட்ரீம்... ஸ்ட்ரீம் பன்னீர்த் திராட்சை... நல்லாத்தேன் இருக்கு.

மகாலட்சுமி: அப்ப பெட்டிக்காரருக்குப் போனப் போடுங்க.

தவசி: போடுறேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு. ஆர் ராசிக்கா... ராக்கம்மாளுக்கா?

மகாலட்சுமி: மொதல்ல பெட்டிக்காரருக்குச் சொல்லுங்க.

தவசி: என் தங்கச்சிக்குத்தான?

மகாலட்சுமி: ஆமா. அவளுக்குத்தேன். ராயப்பன்பட்டி ஞானதுரைய உங்க பேச்ச மீறிக் கட்டிக்கிட்டான்டு அவ வாசல நீங்க மிதிக்கல. இந்த வீட்ல அவ பேரையே எடுக்கக்கூடாதுன்டீக. நம்ம பழைய கொடியெல்லாம் பட்டுப்போயி, சோறு தண்ணி இறங்காம நீங்க சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தீகல்ல... அப்ப நடுறதுக்குக் கொடிக்குச்சி குடுத்தது யாரு? நர்சரியில வாங்குனேன்டு நான் சொன்னது பொய். அம்புட்டும் அவ தோட்டத்துல வெட்டுனது. அவளுக்குப் பங்கு இல்லையா இதுல? என்னையத் திட்டுறதுன்னா திட்டுங்க. ஆர மட்டும் எடுக்கமாட்டேன்.

தவசி: எதுக்குத் திட்டணும்? வண்டியிலருந்து குச்சிக் கட்ட எறக்குனது நான்தான. வாழை நார ரெண்டு சுத்துச் சுத்தி, நுனிய உள்ள மடிச்சுச் சொருகுன முடிச்சு. எங்கய்யா அத எனக்கும் ராக்குக்கும் மட்டுந்தேன் சொல்லிக் குடுத்தாரு.

மகாலட்சுமி: அப்பவே தெரியுமா! பெறகு ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

தவசி: கேட்டா நீ உண்மையச் சொல்லிருவ. சொல்லிட்டா, வீம்புக்காவது நான் திருப்பி அனுப்பணும்... மனசு வரலத்தா. அதேன் வாயத் தொறக்காம, வேற ஆளு தொடவிடாம, அம்புட்டுக் குச்சியையும் நானே நட்டேன்.