தண்ணி மாத்தினீங்களா?

தலைமை தாங்கும் கால்நடை மருத்துவர் அவர்களே! நான் பேச நினைத்ததையெல்லாம் எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட கோழி வளர்ப்போர் சங்கச் செயலாளர் அவர்களே! பொழுது புலருமுன் எழுந்து கூண்டைத் திறக்கும் தாய்மார்களே! கூண்டு திறக்கும் சத்தம் கேட்டுப் புரண்டு படுக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "சுருக்கமா பேசுங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் என் கூப்பிய கரங்களின் வணக்கம்.

தீனி டப்பாவையும் தண்ணீர் டப்பாவையும் ஆண்டு முழுவதும் தூய்மையாக வைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தப்புச் செய்த தகுதி! கோழிக்கு அழுக்குத் தண்ணீர் கொடுத்தவன் இந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். யாரோ சிரிக்கிறீர்களே? சரி, ஒப்புக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

முப்பது ஆண்டுகள், வீடு மாற்றித் தரும் லாரியில் வேலை பார்த்தவன் நான். பீரோவை மாற்றியிருக்கிறேன், பியானோவை மாற்றியிருக்கிறேன், கட்டிலை விட்டு எழ மறுத்த ஒரு மாமனாரைக் கட்டிலோடு மாற்றியிருக்கிறேன். மாற்றுவது என்றால் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: இங்கிருந்து தூக்கு, அங்கே வை, சிந்தாதே, சிதறாதே.

போன வருடம் மழை தொடங்கிய நேரம். கால் எலும்பு முறிந்து படுத்திருந்த தங்கையைக் கவனிக்க என் மனைவி ஊருக்குக் கிளம்பினாள். பதினோரு கோழிகளை என்னிடம் ஒப்படைத்தாள். அவற்றில் ஒரு சிவப்புக் கோழி, அவள் உள்ளங்கையில் தீனி தின்று வளர்ந்தது. மற்ற பத்தையும் விரட்டி வேலை வாங்குவதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர்.

"என்னங்க, தீனி போட்டா மட்டும் போதாது. தினமும் தண்ணிய மாத்தணும். மறந்துடாதீங்க."

"முப்பது வருஷம் மாத்தினவன்கிட்டயே சொல்றியா? நிம்மதியா போய்ட்டு வாம்மா!"

மறந்தேனா? மறக்கவில்லை! ஒரு நாளாவது தவறினேனா? தவறவில்லை! திங்கட்கிழமை, படிக்கட்டோரம் இருந்த தண்ணீர் டப்பாவை மரத்தடிக்கு மாற்றினேன். செவ்வாய்க்கிழமை, மரத்தடியிலிருந்து மதிலோரம். புதன்கிழமை, மதிலோரத்திலிருந்து மறுபடியும் படிக்கட்டோரம். ஒரு சொட்டு சிந்தியிருக்குமா? தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றினேன், ஊற்றிவிட்டு மாற்றினேன். சிரியுங்கள் அக்கா, நன்றாகச் சிரியுங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை பாருங்கள், அவரைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

தினமும் போன் வரும். "தண்ணி மாத்தினீங்களா?" "மாத்தியாச்சு!" "தீனி?" "டப்பா நிறைய இருக்கு!" நிறையத்தான் இருந்தது. சாரலில் நனைந்த பழைய தீனி அடியில் பூசணம் பிடித்துக் கட்டியாகக் கிடக்க, அதன் தலையில் புதுத் தீனியைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள் திரும்பி வந்தாள். மேனேஜர் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றது. அவள் தண்ணீர் டப்பாவைக் கழற்றி, அடித்தட்டில் விரலை விட்டாள். பச்சைப் பாசி கொழகொழவென்று கூடவே வந்தது.

"தினமும் மாத்தினேன்னு சொன்னீங்களே?"

"மாத்தினேனே! இன்னைக்குக் காலைலகூட மதிலோரத்துல இருந்து மரத்தடிக்கு மாத்தினேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

இதோ, இன்றைய தலைவர்தான் அன்று மருந்து கொடுத்தார். "தண்ணியில கலந்து குடுங்க. ஆனா அந்த டப்பாவுல ஊத்தினா நீங்க குடிப்பீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். வினிகர் கலந்த வெந்நீரை எடுத்தேன், பழைய பல் பிரஷ்ஷை எடுத்தேன். அந்தத் தட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது ஐயா, பாசி அங்கேதான் குடித்தனம் நடத்துகிறது! "குடுங்க, நான் தேய்க்கறேன்" என்றாள். கொடுக்கவில்லை. மூன்று நாள் தேய்த்தேன், அலசினேன், காயவைத்தேன், புதிதாக ஊற்றினேன். நான்காம் நாள் மேனேஜர் தள்ளாடி வந்தது. அலகை நனைத்தது. தலையைத் தூக்கி விழுங்கியது. அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்று முதல், வெயில் வரட்டும்: டப்பாவை நிழலில் வைப்பேன், பகலில் இருமுறை கொட்டி நிரப்புவேன்! மழை வரட்டும்: கோழியின் முதுகு உயரத்துக்குத் தீனி டப்பாவைக் கூரைக்குள் தொங்கவிடுவேன், அன்றன்று தின்பதை மட்டும் போடுவேன், மிஞ்சியதை வழித்தெடுப்பேன்! பனி வரட்டும்: நம் மலையூர்க் குளிரில் உறைந்த டப்பாவை எடுத்துவிட்டு, சமையலறையில் தயாராக இருக்கும் இன்னொரு டப்பாவை வைப்பேன்! சமையலறையா என்று என் மனைவி முறைக்கிறாள். அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம். தண்ணீர் நாறுகிறது என்று வாயில்லாத உயிர் எப்படிச் சொல்லும்? குடிக்காமல் நின்றுதான் சொல்லும்! அது சொல்லும்வரை நாம் காத்திருக்கலாமா? கூடாது, கூடாது, கூடவே கூடாது!

போன மாதம் மனைவி மறுபடியும் ஊருக்குக் கிளம்பினாள். கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாசல் வரை போனவளைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமே சொல்லாம போறியே?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் இருக்கீங்களே."

இதற்கு மேல் எனக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச வைத்த சங்கத்துக்கும், இந்த மேடையில் எனக்கு வைத்த கண்ணாடி டம்ளரைக் கழுவி வைத்த அந்த நல்ல உள்ளத்துக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!