ஒன்பதாவது மாடிக் கதவு

அறுபது தாண்டிய ஆள் அடிதடி செய்கிற படமென்றால் நான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிடுவேன். இளவட்டங்கள் பறந்து பறந்து அடிப்பது எனக்குப் பிடிக்காது. வயசான நாயகன் நாற்காலியிலிருந்து எழும்போதே முட்டியைப் பிடித்துக்கொள்வான். கிழவன் என்று எல்லாரும் ஒதுக்குவார்கள். வாயைத் திறக்கமாட்டான்.

“மாத்திரை அட்டையப் பிரிக்க என்னைக் கூப்பிடறீங்க. அங்க உங்க வயசுக்காரர் பத்துப் பேரைப் பந்தாடறாரு” என்று என் மனைவி கிண்டலடிப்பாள். நல்லவள். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் என்னை நோகடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகு ஒன்பதாவது மாடியில் இரண்டு அறைக்குள் முடங்கிவிட்டேன். முட்டி தேய்ந்ததால் ஒன்பது மாடிப் படி இறங்க முடியாது. லிஃப்ட் நின்றால் வேறொருவன் வந்து சரிசெய்யும்வரை ஜன்னலே கதி. நானே பார்த்துவிடலாம் என்று ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மெஷின் ரூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். புது மெக்கானிக், “பெரியவரே, ஓரமா நில்லுங்க, அடிகிடி பட்டுடப் போகுது” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் இதற்கெல்லாம் எந்த நாயகனும் கை ஓங்குவதில்லை. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். முதல் அரை மணி நேரத்துக்குள் அவன் வீட்டில் ஒரு சாவு விழவேண்டும். அதுவரை அவன் வெறும் கிழவன். இரண்டு வருஷம் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெக்கானிக் எல்லா மாடி லிஃப்ட் கதவையும் சோதித்துவிட்டு சர்வீஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டுப் போனான். மத்தியானம் எங்கள் மாடிக் கதவுப் பூட்டை நான் பதம் பார்த்தேன். இனி லிஃப்ட் பெட்டி வராவிட்டாலும் இழுத்தால் திறக்கும். பக்கத்து வீட்டில் குழந்தைகள் உண்டு. வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பொறுப்பில்லாமல் நடக்க எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் கதவைத் திறந்தால் ஒரு கணம் எட்டிப் பார்ப்பார்கள். என் மனைவி பார்க்கமாட்டாள். கதவு திறந்தால் பெட்டி நிற்கிறது என்று அர்த்தம், பயப்படாதே என்று கல்யாணமான புதிதில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எட்டிப் பார்ப்பவர்களைக் கேலிகூடச் செய்வாள். “மருந்துக் கடைக்குப் போறேன், உங்களுக்கு ஏதாவது வேணுமா?” என்று என் பக்கம் திரும்பிக்கொண்டே கதவை இழுத்து உள்ளே காலை வைத்தாள். வேண்டாம் என்றேன்.

அழுதேன், நடிக்கவில்லை. மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. செயலாளரே வீட்டுக்கு வந்து, “உங்களை ஒதுக்கினது எங்க தப்பு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வராந்தாவில் என்னைக் கண்டால் ஜனங்கள் வழிவிட்டார்கள்.

சாவியோடு நான் மேலே ஏறியபோது மெக்கானிக் மெஷின் ரூமில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். “ஐயா, அன்னைக்குக் காலைல பாத்தேன், பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு. என் பிள்ளைங்க மேல சத்தியம்” என்றான். உண்மைதான். அவன் வேலை சுத்தம். பெரிய ஸ்பானர் கைக்கு வாட்டமாக இருந்தது. நாலு அடிக்கு மேல் தேவைப்படவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் இருபது வருஷம் குறைந்துபோன மாதிரி இருந்தது.

பூட்டைக் கெடுத்தது நான், அவனை அடித்துக் கொன்றதும் நான். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும், ஐயா. வாக்குமூலத்தில் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் செய்தது ஒன்றுதான், அதுவும் என் மனைவியைக் கொன்றவனை.