தலைவர் முன்னால் கேட்டால்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அமெரிக்க அதிபருக்கு மக்கள் ஆதரவு மறுபடியும் இறங்கிவிட்டது என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"ஜனங்களுக்குப் போன் போட்டுக் கேக்குறாங்கண்ணே."

"அதான் தப்பு. எங்க கோயில் தலைவரப் பாரு. மழை பேஞ்சா சாமி தலையிலயே ஒழுகுது, அவரத் திட்டாத ஆளே இல்ல. ஆண்டுக் கூட்டத்துல அவர முன்னாடி உக்கார வச்சு, 'இவரே இருக்கட்டுமா'ன்னு கேட்டாங்க. எல்லாக் கையும் மேல போச்சுலா."

"நீங்களுமா தூக்குனீங்க?"

"மொதக் கையே என்னுதுதான். மக கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் வேணும். சாவி அவருகிட்டதான இருக்கு?"

"அப்ப கூரை?"

"அது கெடக்கு. அந்த ஆளுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது."

அப்போது பெரியவரின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கம் தலைவரே! இப்பதான் தம்பிகிட்ட உங்களப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டு வாரேன்."

பேசி முடித்து அவர் உட்காரும்வரை இளையவர் காத்திருந்தார்.

"அண்ணே, உங்க தலைவருக்குப் போன்லயும் ஆதரவு இறங்கல."