புதன்கிழமை திறக்கப்பட்ட கோப்புகள்

ஆரிபா, வயது 32, கணவர் பெயர் இம்ரான், கதவு எண் 3/41, புதுப் பள்ளிவாசல் தெரு, ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. 17.02.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ராஜபாளையம் மகளிர் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொல்லப் பதிவு செய்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் மாமனார் அகமது கபீர், மூன்று வயது மகள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். மாமனார் இதே ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பள்ளி முடிந்து வந்து மாலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு லேப்டாப் மூலம் வகுப்பு எடுத்து வருகிறேன். கடந்த ஜனவரி கடைசியில் அந்த லேப்டாப் சூடாகிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையத் தொடங்கியது. என் கணவர் போனில் "நாலஞ்சு ஸ்க்ரூதான், நீயே பிரிச்சுப் பாரு" என்று சொன்னார். பரீட்சை நேரத்தில் ஏதாவது உடைந்துவிட்டால் வகுப்பு நின்றுவிடும் என்று பயந்து நான் பிரிக்கவில்லை.

அதன் பிறகு 03.02.2025 திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து நிலையம் அருகே சேதுபதி என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அதைக் கொடுத்தேன். என் முன்னாலேயே பார்த்துத் தர முடியுமா, சாயங்காலம் வந்து உட்காருகிறேன் என்று கேட்டேன். அதற்கு சேதுபதி, "யாரு பொருளையும் யாரு முன்னாலயும் நாங்க பிரிக்கிறதில்லக்கா. பாஸ்வேர்ட எழுதி வச்சுட்டுப் போங்க" என்றார். ரசீதின் பின்பக்கம் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். அது என் மகளின் பெயரும் பிறந்த வருடமும்.

ஐந்து நாள் கழித்து 08.02.2025 சனிக்கிழமை லேப்டாப்பைத் திரும்பப் பெற்றேன். உள்ளே பிரித்து ஃபேன் சுத்தம் செய்தாகிவிட்டது என்று ரசீதில் எழுதியிருந்தது. அன்று மாலை வகுப்பு தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடம் மறுபடியும் அணைந்தது.

அதன் பிறகு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, மாமா கடையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்று வாங்கி வந்து நானே பிரித்தேன். திரும்ப மாட்டும்போது வரிசை தவறிவிடக் கூடாது என்பதற்காகச் செல்போனை டப்பா மேல் சாய்த்து வைத்து முழுவதையும் வீடியோ எடுத்தேன். கழற்றிய ஒன்பது ஸ்க்ரூக்களையும் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தேன். அதில் ஒரு ஸ்க்ரூவின் மேல் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அதைக் கிழிக்காமல் மூடியைத் திறக்க முடியாது. அதைக் கிழித்தது நான்தான். கடையில் லேப்டாப்பைப் பிரிக்கவே இல்லை என்பது அப்போது தெரிந்தது.

எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருக்கின்றன. அந்தப் பஞ்சுத் தூசி ஃபேனுக்குள் கெட்டியாக அடைத்திருந்தது. புது பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மூடி, ஒன்பது ஸ்க்ரூவையும் முடுக்கினேன். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடியது, அணையவில்லை. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. என் கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

அதன் பிறகு திங்கட்கிழமைக்கான வினாத்தாளைத் தேடி, கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். அதில் 05.02.2025 புதன்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் திறந்ததாக நாற்பதுக்கும் அதிகமான படங்கள் இருந்தன. அன்று லேப்டாப் கடையில் இருந்தது. அவை என் மகள் பிறந்த சமயம் என் கணவர் பார்ப்பதற்காக வீட்டுக்குள் எடுத்த படங்கள். நான் தலையில் துணி போடாமலும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் இருப்பேன். அந்தப் படங்களை 'பழைய மதிப்பெண் பட்டியல்' என்ற பெயரில், மூன்று ஃபோல்டருக்கு உள்ளே வைத்திருந்தேன். தேடாமல் யாரும் அதைத் திறந்திருக்க முடியாது.

அதே பட்டியலில், என்னுடையது அல்லாத ஒரு பென்டிரைவிலிருந்து திறந்த ஃபோல்டர்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயரும் ஊரும் வைத்திருந்தது. ஏழு பெயர்களைப் படிக்க முடிந்தது. ஏழும் பெண்கள். ஒரு பெயர் எங்கள் பள்ளித் தமிழாசிரியை வெங்கடேஸ்வரி, ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இருந்தது. நான் எதையும் அழிக்காமல், மாற்றாமல், பட்டியலைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். என் கணவரிடம் சொன்னேன். அவர், "வாப்பாட்ட நான் சொல்லவா?" என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அதன் பிறகு 10.02.2025 திங்கட்கிழமை மதியம் பள்ளியில் அனுமதி பெற்று மேற்படி கடைக்குச் சென்று, கொண்டுபோயிருந்த லேப்டாப்பைத் திறந்து பட்டியலைக் காட்டினேன். சேதுபதி, அங்கே வேலை பார்க்கும் பாண்டிதுரை என்பவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார். பாண்டிதுரை என் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்டிரைவை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். சேதுபதி, "நீங்களே பிரிச்சிருக்கீங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு. இனிமே இதுல என்ன இருந்தாலும் கடை பொறுப்பு இல்ல" என்றார்.

அதற்கு நான், "நான் பிரிச்சது ஞாயித்துக்கிழமை. இதுல இருக்கிறது புதன்கிழமை" என்றேன்.

அவர் கையை நீட்டி, "இங்க குடுங்க, செத்த நேரத்துல ஃபார்மட் பண்ணித் தாரேன், எல்லாம் சரியாப்போயிரும்" என்றார். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் வெங்கடேஸ்வரி டீச்சரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவரும் போன தீபாவளிக்கு முன்பு அதே கடையில் லேப்டாப்பைக் கொடுத்திருந்தார். டிபன் பாக்ஸை மூடிவிட்டார். "எங்க வீட்டு அவியளுக்குத் தெரிஞ்சா வேலைக்கே போகவேண்டாம்னு சொல்லிருவாக. என் பேரச் சொல்லிராத ஆரிபா" என்றார். "நீங்க சொல்லுன்னு சொல்லாம சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா என் பேரச் சொல்லத்தான் போறேன்" என்றேன்.

அதன் பிறகு 12.02.2025 புதன்கிழமை, நான் மாமாவிடம் சொல்வதற்கு முன்பே சேதுபதி அவர் கடைக்குச் சென்று பேசியிருக்கிறார். அன்று மாலை மாமா என்னிடம், "புதுசே வாங்கித் தாரேங்கான். வாங்கிக்கிட்டு விட்டுரும்மா. வெளிய தெரிஞ்சா நமக்குத்தான அசிங்கம்" என்றார்.

"புதுசு வேண்டாம் மாமா. அந்தப் பென்டிரைவுதான் வேணும்" என்றேன்.

பிறகு நான், "உங்க கடையில சாவி நகல் எடுக்க வாரவங்க வீட்டுச் சாவிக்கெல்லாம், வேலைக்காரர் இன்னொண்ணு எடுத்து வச்சுக்கிட்டா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் தொழுகைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை காலை, "ஸ்டேசனுக்கு எப்பம் போகணும்?" என்று அவராகக் கேட்டார்.

அன்று மாலையே வெங்கடேஸ்வரி டீச்சரும் போன் செய்து, "அவியகிட்டச் சொல்லிட்டேன். அழுதேன், ஆனா சொல்லிட்டேன். திங்கக்கெழம நானும் வாரேன்" என்றார். அவர் சம்மதித்த பிறகே அவர் பெயரை இங்கே சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். எனக்குப் பிறகு அவரும் வாக்குமூலம் கொடுப்பார். மற்ற ஆறு பேரை எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாதபடி அவர்களிடம் மட்டும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லேப்டாப், பிரித்தபோது எடுத்த வீடியோ, பட்டியலைச் செல்போனில் எடுத்த படம், கடை ரசீது ஆகியவற்றை இன்று ஒப்படைத்தேன். லேப்டாப்பில் உள்ள என் படங்களையும் விசாரணைக்காகப் பார்க்க நேரிடும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். தெரிந்துதான் கொடுக்கிறேன் என்றேன். பெண் அதிகாரி பார்க்கும்படி கேட்டேன். வகுப்பை வேறு லேப்டாப் கிடைக்கும்வரை செல்போனில் எடுத்துக்கொள்வேன்.

மேற்படி பென்டிரைவையும் கடையில் உள்ள கம்ப்யூட்டர்களையும் கைப்பற்றி, பாண்டிதுரை மீதும், தெரிந்தும் அழிக்கப் பார்த்த சேதுபதி மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். என் சார்பில் யார் வந்து சமாதானம் பேசினாலும் அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை.

இதை எழுதும்போது என் மாமா அருகில் இருந்தார். அவருக்கு இதில் ஆட்சேபணை உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "எம் மருமக சொன்னதுதான். நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் கண்ணால் கண்டதையும் நான் செய்ததையும் மட்டுமே உண்மையாகச் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) இ. ஆரிபா

சாட்சி: (ஒப்பம்) அகமது கபீர், ஆரிபாவின் மாமனார்