கேட்கும் தூரத்தில்

வருஷத்துக்கு ஒருமுறை நான் தனியாக மலைக்குப் போவதை என் மனைவி ஒருநாளும் தடுத்ததில்லை. "போயிட்டு வாங்க, வந்த பிறகாவது கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கீங்க" என்பாள். எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் வேலை காது பரிசோதனை. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியிலிருந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் பொத்தானை அமுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் கத்தல்தான். காது மந்தமானவர்கள் உரக்கப் பேசுவார்கள், நானும் உரக்கப் பேசியாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக இப்படி. நாலு நாள் ஒரு மனிதச் சொல்லும் காதில் விழாமல் இருக்க நான் ஆசைப்பட்டது பேராசையா?

அன்று சாயங்காலம் மலை ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தம்பி, தனியாவா வந்தீங்க? நானும் தனிதான். அப்போ ரெண்டு பேருமே தனியில்ல, பாருங்க" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். என்னைக் கேட்காமலே என் கூடாரத்தை ஒட்டித் தன்னுடையதை விரித்தார்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்து ஒரு வருஷமாகிறதாம். "வீட்ல பேச ஆளில்ல தம்பி. சுவரோட எத்தனை நாள் பேசுறது?" என்றார். சின்ன மகள் மாசமாக இருக்கிறாள், இந்த மாசக் கடைசியில் பிரசவம் என்றார். நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இருந்ததில்லை.

மறுநாள் அவர் எழுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று விடியுமுன் கூடாரத்தைச் சுருட்டினேன். அவர் ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் எப்பவும் முதல் ட்ரிப் ஆளு தம்பி."

மத்தியானம்வரை பேசிக்கொண்டே வந்தார். பாறைச் சரிவின் ஓரத்தில் எனக்குக் கடலை எடுத்துக் கொடுப்பதற்காகப் பையை இறக்கி வைத்தார். பேச்சு மும்முரத்தில் ஓர் அடி பின்னால் வைத்தார். அவ்வளவுதான். என் கை அவர்மேல் படவே இல்லை.

மூன்று ஆள் உயரம் இருக்கும், பாறை இடுக்கில் கிடந்தார். கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. "தம்பி, காலு போச்சு. வேற ஒண்ணுமில்ல, நீங்க பதறாதீங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "பையில விசில் இருக்கும், கீழ போடுங்க. நீங்க ஆள் கூட்டிட்டு வர்ற வரைக்கும் ஊதிட்டிருக்கேன்."

பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது, ஆரஞ்சு நிற விசில். விசில் சத்தம் எவ்வளவு தூரம் போகும், காதில் எப்படி இறங்கும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

"விசில் இல்லையே" என்றேன்.

தண்ணீர் பாட்டிலைப் போட்டேன். அது என் பக்கம் எழுத வேண்டிய விஷயம்.

"பரவால்ல தம்பி. நல்லவேளை நீங்க கூட இருந்தீங்க."

ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். முகட்டில் தங்குவதாகத்தான் என் திட்டம். ஏறி, கூடாரம் அடித்து, டீ போட்டுக் குடித்தேன். குரல் மேலே வந்தது. முதலில் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுச் சும்மா பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் என்னோடு, கொஞ்ச நேரம் செத்துப்போன மனைவியோடு. இரண்டு முறை கூடாரத்தைத் தள்ளித் தள்ளி மாற்றினேன். காற்று திரும்பும்போதெல்லாம் குரலும் கூடவே வந்தது.

அவர் விழுந்த மூன்றாம் நாள் காலை அது கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது. அறைக்குள் இருப்பவர் பொத்தானை அமுக்கலாமா வேண்டாமா என்று தயங்குவாரே, அந்த அளவு. அதன்பின் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். பறவைச் சத்தம் மட்டும்தான். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதினோரு நாள் கழித்து ஆடு மேய்க்கிறவர் பார்த்துச் சொன்னார். கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். என்னை யாரும் தேடவில்லை. பிறகு ஏன் நீயாக வந்தாய் என்கிறீர்கள்.

அந்தப் பஞ்சு அறைதான் காரணம். கதவைச் சாத்திவிட்டு, எதிலும் இணைக்காத ஹெட்போனை மாட்டினால்கூட அவர் பேசுகிறார். கோபமெல்லாம் இல்லை. வீட்டு விஷயங்கள்தான். நேற்று, "தம்பி, பேத்தி பொறந்திருக்கா" என்றார். இன்று காலை, அவர் பேச்சோடு சொல்லியிருந்த அவருடைய தெருவுக்குப் போய் விசாரித்தேன். பெண் குழந்தைதான், நேற்றுதான் பிறந்திருக்கிறது. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

போன் வேலை செய்ததா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இரண்டு முறை இல்லை என்றேன். செய்தது. முகட்டில் சிக்னல் நன்றாகவே கிடைத்தது. அவர் விழுந்த மறுநாள் சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு, சௌக்கியமாக இருக்கிறேன் என்று சொன்னேன்.

"என்னங்க, பின்னால யாரோ கூப்பிடுற மாதிரி கேட்குதே?" என்றாள்.

"காத்து. இங்க யாருமே இல்ல" என்றேன்.

அவள் வீணாகக் கவலைப்படுவாளே என்று, கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, இன்னும் பத்து நிமிஷம் பேசினேன்.