பேச்சு கூடிப்போன கதை

நாகர்கோவிலிலிருந்து புதுக்கடை போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர் ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை, வாரம் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார் என்பது பேச்சில் தெரிந்தது. பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த அவருடைய கதையை அந்த அம்மாள் வாசித்துக்கொண்டு வந்தாள். தக்கலை தாண்டியதும் தலையை நிமிர்த்தினாள்.

“எந்த வீட்டுல புருசனும் பெஞ்சாதியும் இவ்வளவு பேசுகாவ?”

“பத்திரிகைக்காரங்களும் அதைத்தான் சொல்லுகாவ. பேச்சு கூடிப்போச்சாம். பாதியை வெட்டித் தந்தா போடுவாவளாம்.”

“கதைன்னு ஒண்ணும் நடக்கவும் இல்லியே. அவன் வாறான், சாப்பிடுகான், ரெண்டு பேரும் விடிய விடியப் பேசுகாவ. வெளுத்ததும் அவன் போறான்.”

“அவ்வளவுதான் கதை.”

“நீங்க சனிக்கிழமை வந்தா குளிக்கத் தண்ணி கேப்பியோ. பொறவு சோறு கேப்பியோ. வேற எதுக்காவது வாய் திறந்தது உண்டுமா?”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே சொன்னார்.

“வாற வழியெல்லாம் உனக்கிட்ட சொல்லணும்னு நினைச்சுக்கிட்டுதான் வருவேன். படியேறினா ஒண்ணும் வராது. அதையெல்லாம்தான் அதுல எழுதினேன்.”

அந்த அம்மாள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். கருங்கல் வருவதற்குள் முடித்து, தாள்களை மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“பேச்சுல ஒரு வரி வெட்டாண்டாம்,” என்றாள். “முதல் ரெண்டு பக்கமும் மழையால்லா பெய்யுகு. வேணும்னா அதுல கொஞ்சம் குறைச்சிருங்க.”